ஜிம்மில் பிசிஏஏ, குளூட்டமின், அமினோ மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள்: சாப்பாட்டுப் புரதம் போதாதா?

ஈரோட்டான் (கேள்வி)

வயது 29, எடை 64 கிலோ. வாரத்தில் நாலு நாள் எடைப் பயிற்சி, ஒரு நாள் 5 கி.மீ. ஓட்டம். வீட்டில் சைவம். பால், தயிர் தாராளம். முட்டைக்குத் தடையில்லை, ஆனால் தினமும் கிடையாது.

டிரெய்னர் எழுதிக் கொடுத்த பட்டியல் இது:

- பிசிஏஏ பொடி: பயிற்சிக்கு முன் ஒரு ஸ்கூப், பின் ஒரு ஸ்கூப். ஸ்கூப் 7 கிராம். லேபிளில் லூசின் 2.5, ஐசோலூசின் 1.25, வாலின் 1.25 கிராம் என்று இருக்கிறது. 30 ஸ்கூப் டப்பா 1,500 ரூபாய்.
- குளூட்டமின் 5 கிராம், இரவு.
- அமினோ மாத்திரை, நாளைக்கு 6. ஒவ்வொன்றும் 1 கிராம், வே புரோட்டீனை (பாலிலிருந்து பிரிக்கும் புரதம்) உடைத்துச் செய்ததாம்.

"பருப்பில் இருக்கும் புரதம் செரிக்க நேரமாகும், இது செரிக்கவே வேண்டாம், நேராக ரத்தத்துக்குப் போகும்" என்கிறார். இது சரியா? கிட்னிக்கு ஏதும் ஆகுமா?

என் சாப்பாடு: காலை 4 இட்லி, சாம்பார். மதியம் ஒரு தட்டு சோறு, சாம்பார், கூட்டு, ஒரு கப் தயிர். மாலை டீ. இரவு 3 சப்பாத்தி, குருமா, ஒரு டம்ளர் பால்.

இன்னொன்று. அப்பாவுக்கு 67 வயது, 58 கிலோ, சர்க்கரை உண்டு, சமீபத்தில் எடுத்த கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) 1.6. கை கால் மெலிந்துவிட்டது. அவருக்கும் இந்தப் பொடியைக் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

---

உணவியல்_மீனாட்சி

தம்பி, முதலில் உங்கள் தட்டை எடை போட்டுவிடுவோம். பொடிக் கதை அப்புறம்.

4 இட்லி 8 கிராம் புரதம். காலைச் சாம்பார் 4. மதியம் சோறு 300 கிராம் என்றால் 7 முதல் 8. சாம்பாரும் கூட்டும் சேர்த்து 6. தயிர் 100 கிராம் 3. டீயில் இருக்கும் பால் 4. சப்பாத்தி மூன்றுக்கு 9. குருமா 4. இரவுப் பால் 200 மி.லி. 6.5. மொத்தம் 52 கிராம் சுமார். கிலோவுக்கு 0.8.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, நல்ல தரமான புரதமாக இருந்தால் பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். சோறும் கோதுமையுமே பெரும்பங்கு என்றால் 1 கிராம் வரை வேண்டும். எடைப் பயிற்சி செய்பவருக்கு இதற்கும் மேல். 2018ல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கிலோவுக்கு 1.6 கிராம் வரை தசை கூடியது, அதற்கு மேல் போனதில் சராசரியாகப் பலன் தெரியவில்லை. உங்களுக்கு 1.5 என்று வைத்தால் 96 கிராம். ஆக, பள்ளம் 44 கிராம்.

இந்தப் பள்ளத்தில் உங்கள் டிரெய்னரின் பட்டியல் எவ்வளவு நிரப்புகிறது? ஆறு மாத்திரை 6 கிராம். அதாவது ஒரு முட்டை. பிசிஏஏ இரண்டு ஸ்கூப்பில் 10 கிராம் அமினோ அமிலம் இருந்தாலும் அதைப் புரதக் கணக்கில் சேர்க்க முடியாது, காரணம் கீழே. குளூட்டமின் உடம்பே செய்துகொள்வது.

அமினோ அமிலம் மொத்தம் இருபது. உடம்பால் செய்ய முடியாமல் சாப்பாட்டில்தான் வரவேண்டியவை ஒன்பது: லூசின், ஐசோலூசின், வாலின், லைசின், மெத்தியோனின், த்ரியோனின், ஃபினைல்அலனின், ட்ரிப்டோஃபான், ஹிஸ்டிடின். பிசிஏஏ என்பது முதல் மூன்று மட்டும். லூசின் "தசை கட்டு" என்று உத்தரவு போடும், அது உண்மைதான். ஆனால் கட்டுவதற்கு மிச்ச ஆறும் வேண்டுமே? வெளியிலிருந்து வராவிட்டால், இருக்கிற தசையைக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். உளுந்தை மட்டும் கூட்டிக் கூட்டி அரைத்தால் இட்லி எண்ணிக்கை கூடாது, அரிசி தீர்ந்த இடத்தில் நின்றுவிடும். அதே கதை.

2017ல் வந்த ஒரு பரிசோதனையில், எடைப் பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு 5.6 கிராம் பிசிஏஏ கொடுத்தார்கள். தசைப் புரத உருவாக்கம், ஒன்றுமில்லாத பானம் குடித்தவர்களைவிட 22% கூடுதல். இந்த 22ஐத்தான் விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அதே அளவு பிசிஏஏ அடங்கிய வே புரோட்டீனைக் குடித்தால் ஏறும் அளவோடு ஒப்பிட்டால் அது பாதி அளவுதான் என்பதை லேபிளில் யாரும் போடுவதில்லை.

உங்களுக்கு லூசின் குறைவே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கிலோவுக்கு 39 மி.கி., 64 கிலோவுக்கு 2.5 கிராம். நீங்கள் சாப்பிடும் 52 கிராம் புரதத்திலேயே கிட்டத்தட்ட 4 கிராம் லூசின் இருக்கிறது. அரிசி சாப்பிடுபவனுக்குக் குறைவது லைசின். பருப்பில் லைசின் உண்டு, மெத்தியோனின் குறைவு. அரிசியில் மெத்தியோனின் உண்டு, லைசின் குறைவு. பொங்கலும் இட்லியும் தற்செயலாக அமைந்த ஜோடி இல்லை. ஆனால் நாம் பருப்பை ரொம்பக் கஞ்சமாகப் போடுகிறோம். நாலு பேருக்கு 100 கிராம் துவரம் பருப்பில் சாம்பார் வைத்தால் மொத்தம் 22 கிராம் புரதம், ஆளுக்கு ஐந்தரை. தண்ணிச் சாம்பார் என்றால் இரண்டு, மூன்று. "தினமும் சாம்பார் சாப்பிடுகிறேன், புரதம் போதும்" என்று நினைப்பவர்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

44 கிராம் நிரப்ப ஒரு வழி:

- சோயா உருண்டை உலர் எடை 30 கிராம்: 15
- முட்டை 2: 12
- பொட்டுக்கடலை 40 கிராம்: 8 முதல் 9
- பால் கூடுதலாக 250 மி.லி.: 8

எங்கள் பக்கத்து விலையில் இது எல்லாம் சேர்ந்து 40, 45 ரூபாய்க்குள். பிசிஏஏ மட்டுமே நாளைக்கு 100 ரூபாய்.

முட்டையை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். வெந்த முட்டைப் புரதம் 90% அளவுக்குச் சேரும், பச்சையாகக் குடித்தால் பாதிதான். ஜிம்மில் இன்னும் பச்சை முட்டை உடைத்துக் குடிக்கும் பழக்கம் போகவில்லை.

---

ஆய்வகத்து_ஆள்

"செரிக்கவே வேண்டாம், நேராக ரத்தத்துக்கு" என்பதற்கு மட்டும் பதில். சிறுகுடல் சுவரில் தனி அமினோ அமிலத்துக்கு ஒரு வாசல், இரண்டு மூன்று அமினோ அமிலம் கோத்த குட்டித் துண்டுகளுக்கு வேறொரு வாசல். அந்த இரண்டாவது வாசலில் கூட்டம் வேகமாக நகரும். அதனால் புரதத்தை உடைத்த துண்டுகள், முழுக்கப் பிரித்த அமினோ அமிலத்தைவிடப் பின்தங்குவதில்லை, பல நேரம் முந்திக்கொள்கின்றன. தவிர, தனி அமினோ அமிலங்கள் ஒரே வாசலில் முட்டி மோதும். லூசினை மட்டும் அள்ளிப் போட்டால் ரத்தத்தில் வாலின், ஐசோலூசின் அளவு இறங்கும்.

வேகம் வேண்டும் என்பதே சந்தேகமான தேவை. நாள் முழுக்க வரும் மொத்தப் புரதம்தான் முக்கியம். பயிற்சி முடிந்து பத்தாவது நிமிடத்தில் உள்ளே போகாவிட்டால் வீண் என்பதெல்லாம் டப்பா விற்கும் பேச்சு.

ஆனால் மீனாட்சி மேடம் சொன்ன பருப்புக் கணக்கில் ஒரு கழிவு இருக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஐசோடோப்பு (தடம் காட்டும் அணு) வைத்து, இந்தியர்கள் சாப்பிடும் உணவிலிருந்து அமினோ அமிலம் உண்மையில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்று அளந்திருக்கிறார்கள். முட்டை, கோழி இறைச்சி 90% ஒட்டி. தோலோடு பச்சைப்பயறு 60% ஒட்டித்தான். தோல் நீக்கினால் கொஞ்சம் ஏறுகிறது. அதனால் பயறு, சுண்டல் வகையில் கணக்குப் போடுபவர்கள் பத்து கிராமை ஆறாக எண்ணிக்கொள்வது நல்லது. பால், முட்டைக்கு இந்தக் கழிவு தேவையில்லை. டிரெய்னர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது, அதற்கு அவர் கொடுத்த மருந்துதான் தப்பு.

இப்போது டப்பா விஷயம். புரதப் பொடியில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். இதில்தான் ஓட்டை. கிளைசின் மலிவான அமினோ அமிலம், எடையில் 18.7% நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள்: 1 கிராம் கிளைசின், 1.17 கிராம் "புரதம்" ஆகிவிடும். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் (ஜிம்மில் விற்கும் இன்னொரு பொடி) 1 கிராம், 1.76 கிராம் "புரதம்". டாரின் 0.7.

24 கிராம் புரதம் என்று போட்ட ஸ்கூப்பில் 4 கிராம் கிளைசின் கலந்திருந்தால், அது 4.7 கிராமாக வேஷம் போட்டிருக்கும். நிஜப் புரதம் 19.3. கண்டுபிடிக்க லூசின் வரியைப் பாருங்கள். வே புரோட்டீனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லூசின். 24 கிராமுக்கு 2.5 கிராம் ஒட்டி இருக்க வேண்டும். 2க்கு வந்துவிட்டால் கைவைத்திருக்கிறார்கள். அமினோ அமிலப் பட்டியலே போடாத டப்பாவை எடுக்கவே வேண்டாம். பொருள் பட்டியலில் வே பெயருக்குப் பின்னால் தனியாகக் கிளைசின், டாரின், குளூட்டமின் என்று வந்தாலும் அதே சந்தேகம்தான். லேபிளில் கிளைசின் அளவு அதிகமாகக் காட்டினாலும் காரணம் கேளுங்கள், வேயில் அது இரண்டு சதவீதத்துக்குக் கீழே.

2024ல் 'மெடிசின்' ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வில் இந்தியச் சந்தையின் 36 புரதப் பொடிகளைச் சோதித்தார்கள். 70% ஒட்டியவற்றில் லேபிளும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் (அவர்கள் தளத்தில் போட்டுப் பார்த்தால் நிறுவனம் பெயர் வரும், லேபிளில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும்), தொகுதி எண் டப்பாவிலும் அடியிலும் ஒன்றாக இருப்பது, "கலவை 8 கிராம்" என்று மொத்தமாகச் சொல்லி ஒவ்வொன்றின் அளவை மறைக்காமல் இருப்பது. சைவம் பார்ப்பவர்களுக்கு: பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். அமினோ அமிலம் பெரும்பாலும் சோளச் சர்க்கரையில் நுண்ணுயிரை வளர்த்து எடுப்பது. இறகு, முடியிலிருந்து எடுப்பதும் உண்டு.

பிசிஏஏ தண்ணீரில் மிதந்தால் போலி என்று அர்த்தமில்லை. லூசின் தண்ணீரில் ஒட்டாத சாதி. லெசித்தின் பூசியதுதான் கரையும். வீட்டில் குலுக்கி நுரை பார்ப்பது, தீயில் கொளுத்துவது எதுவும் பரிசோதனை இல்லை.

---

கோச்_செல்வா

ரெண்டு பேரும் சொன்னதுல பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனா "அமினோவே வேஸ்ட்"னு முடிச்சிடாதீங்க.

பிசிஏஏ வேற, இஏஏ வேற. இஏஏல ஒன்பதும் இருக்கும். காலைல அஞ்சு மணிக்கு வெறும் வயித்துல பயிற்சி, சாப்பிட்டா குமட்டும்ங்கிறவங்களுக்கு 8 முதல் 10 கிராம் இஏஏ வேலை செய்யும். பசியே எடுக்காத வயசானவங்களுக்கும், உடம்பு இளைக்க கலோரி குறைச்சு சாப்பிடுறவங்களுக்கும் கூட. வே குடிக்க முடிஞ்சவனுக்கு அது தேவையில்லை. ஒரு ஸ்கூப் வேயில ஒன்பதும் இருக்கு, 2.5 கிராம் லூசினும் இருக்கு, விலையும் கம்மி.

பிசிஏஏல ஒரு சின்ன பலன் சில ஆய்வுகள்ல வருது: மறுநாள் தசை வலி கொஞ்சம் குறையுது. அது தசை வளர்ச்சி இல்லை. புரதம் ஏற்கனவே போதுமா சாப்பிடுறவனுக்கு அதுவும் கண்ணுக்குத் தெரியாது. "டயர்டு ஆகாது"ங்கிறதுக்குச் சொல்ற விளக்கம் என்னன்னா, மூளைக்குள்ள போற கதவுல பிசிஏஏவும் ட்ரிப்டோஃபானும் போட்டி போடும், ட்ரிப்டோஃபான் குறைஞ்சா செரடோனின் குறையும், களைப்பு தள்ளிப்போகும்னு. காகிதத்துல அழகா இருக்கு, மைதானத்துல நேரம் குறையல.

நிஜமா திறனைக் கூட்டுற அமினோ அமிலம்னா பீட்டா அலனின். அதுவும் ஒண்ணுலேருந்து நாலு நிமிஷம் முழுமூச்சா நடக்கிற போட்டிக்கு: 400, 800 மீட்டர், நீச்சல் 200 மீட்டர். நாளைக்கு 3.2 முதல் 6.4 கிராம், குறைஞ்சது நாலு வாரம். ஒரே தடவையா 800 மி.கி.க்கு மேல போட்டா முகம், காது, கை எல்லாம் சுருக்கு சுருக்குன்னு ஊசி குத்தும். அலர்ஜின்னு பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க. ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரத்துல தானா போயிடும். 800 மி.கி.யா பிரிச்சு நாலு தடவை எடுத்தா வராது. ஈரோட்டுத் தம்பிக்கு இது தேவையில்லை.

பிசிஏஏ ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம், ஆனா 200 மி.லி. தண்ணில ரெண்டு ஸ்கூப் கலக்காதீங்க. கரைசல் கெட்டியா இருந்தா குடல் தண்ணியை உள்ளே இழுக்கும், வயித்தைப் புரட்டும், சில பேருக்குப் பேதி. ஸ்கூப்புக்கு 400 மி.லி.யாவது. ரெண்டு மணி நேரம் உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்காதீங்க, அதுல சிட்ரிக் அமிலம் இருக்கு, பல் எனாமல் போகும். குளூட்டமினை ராத்திரியே கரைச்சு வைக்கிற பழக்கமும் வேண்டாம், கரைசல்ல அது மெல்ல சிதையும்.

போட்டில ஓடுறவங்க, ஊக்கமருந்து சோதனைக்கு உட்பட்டவங்க, தொகுதி தொகுதியா வெளி ஆய்வகத்துல சோதிச்ச முத்திரை இல்லாத எதையும் வாயில வைக்கக் கூடாது. கலப்படம் தெரியாம போச்சுன்னு சொன்னா தண்டனை ரத்தாகாது.

---

மருந்துக்கடை_மாடி

பாதுகாப்பு பற்றி யாரும் இன்னும் சரியாகத் தொடவில்லை. உணவில் வரும் புரதமும் தனியாக எடுக்கும் அமினோ அமிலமும் ஒன்றல்ல. ஒற்றை அமினோ அமிலத்தைக் கிராம் கணக்கில் எடுத்தால் அது மருந்துபோல நடந்துகொள்ளும். சாப்பாட்டில் இருபதும் சேர்ந்து, மெதுவாக, ஒன்றையொன்று கட்டுப்படுத்திக்கொண்டு வருகின்றன.

லூசினுக்கு ஆரோக்கியமான இளைஞர்களில் சோதித்த மேல்வரம்பு கிலோவுக்கு 500 மி.கி. ஒட்டி. அதற்கு மேல் ரத்தத்தில் அம்மோனியா ஏறத் தொடங்குகிறது. ஈரோட்டான் சாருக்கு அது 32 கிராம். இரண்டு ஸ்கூப்பில் 5, சாப்பாட்டில் 4, ஆக 9. ஆபத்தில்லை, பணம்தான் போகிறது. ஆரோக்கியமான கிட்னியை இந்த அளவு கெடுப்பதாக ஆதாரம் இல்லை. ஏற்கனவே பழுதான கிட்னி வேறு விஷயம்.

மற்றவை எல்லாம் இப்படி அப்பாவிகள் இல்லை.

ஆர்ஜினின்: 2006ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான சோதனை. மாரடைப்பு வந்தவர்கள் 153 பேர், பாதிப்பேருக்கு நாளைக்கு 9 கிராம் ஆர்ஜினின். ஆர்ஜினின் பிரிவில் 6 பேர் இறந்தார்கள், மற்றதில் ஒருவரும் இல்லை. ஆட்சேர்ப்பை அத்துடன் நிறுத்தினார்கள். மாரடைப்பு வந்த யாருக்கும் "ரத்த ஓட்டத்துக்கு நல்லது" என்று ஆர்ஜினின் பொடி கொடுக்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, சில்டெனாஃபில், பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கலாம். பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகளில் ஆர்ஜினின், சிட்ருலின் இரண்டும் ஒளிந்திருக்கும்.

ட்ரிப்டோஃபான், அதிலிருந்து உருவாகும் 5-எச்டிபி: தூக்கத்துக்கு என்று விற்கிறார்கள். மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் தொடக் கூடாது. செரடோனின் எல்லை மீறினால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம் வரும். இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1989ல் அமெரிக்காவில் ட்ரிப்டோஃபான் மாத்திரை எடுத்தவர்களுக்குத் தாங்க முடியாத தசைவலி வந்தது, ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறின. 1,500க்கு மேற்பட்டோர் பாதிப்பு, 37 பேராவது இறந்தார்கள். பெரும்பாலானவை ஜப்பானில் உள்ள ஒரே உற்பத்தியாளரின் சரக்கு. தயாரிப்பு முறையை மாற்றியதில் புகுந்த அசுத்தம் காரணம் என்பதே வலுவான முடிவு. அமினோ அமிலம் சுத்தமாக இருந்தாலும் அதோடு என்ன வருகிறது என்பது தனிக் கேள்வி.

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்கள்: அந்த மருந்தும் அமினோ அமிலமும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே கதவில் போட்டி போடுகின்றன. பொடியோடு சேர்த்து எடுத்தால் மருந்து வேலை செய்யாமல் உடம்பு விறைக்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னால் மருந்து எடுக்கச் சொல்கிறார்கள்.

குளூட்டமின்: ஆரோக்கியமானவருக்கு 5 கிராம் தீங்கில்லை, பெரும்பகுதியைக் குடலே தின்றுவிடும், தசைக்குப் போகாது. ஆனால் "சத்து" என்று நினைத்து மோசமான நிலையில் இருக்கும் நோயாளிக்குக் கொடுத்தால்? 2013ல் வெளியான பெரிய சோதனையில், பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்குக் குளூட்டமின் கொடுத்ததில் இறப்பு கூடியது.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் ஒற்றை அமினோ அமிலம் எதையும் தாங்களாக எடுக்க வேண்டாம்.

அமினோ அமிலம் நிஜமாகவே உயிர் காக்கும் இடங்களும் உண்டு. ஃபினைல்கீட்டோனூரியா, மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் மாதிரி பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு, உடம்புக்கு ஆகாத அமினோ அமிலத்தை மட்டும் நீக்கிய கலவைதான் சாப்பாடு. ஈரல் சுருங்கி மூளைக் குழப்பம் வருபவர்களுக்கு மருத்துவர் வாய்வழி பிசிஏஏ எழுதுவார், குழப்பம் குறைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. அந்த நோயாளிகளுக்குப் புரதத்தை நிறுத்துவது பழைய தப்பு, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் தர வேண்டும். ஆக, பிசிஏஏவுக்கு உண்மையான வாடிக்கையாளர் ஜிம்மில் இல்லை, ஈரல் வார்டில் இருக்கிறார்.

---

ஈரோட்டான்

எல்லோருக்கும் நன்றி. மாத்திரையும் குளூட்டமினும் நிறுத்திவிடுகிறேன். இரண்டு சந்தேகம். சோயா 30 கிராம் என்பது ஊறவைத்த பிறகா? அப்பா விஷயம் இன்னும் யாரும் சொல்லவில்லை. ஒரு கிளினிக்கில் அமினோ அமில பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும் என்றும் சொன்னார்கள்.

---

உணவியல்_மீனாட்சி

உலர் எடை, தம்பி. 30 கிராம் ஊறிப் பிழிந்தால் 80, 90 கிராம் ஆகிவிடும். ஊறியதை எடை போட்டு உலர் கணக்கில் பெருக்கினால் 15 கிராம் புரதம் 45 ஆகிக் காகிதத்தில் மட்டும் தசை வளரும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம், நன்றாகப் பிழிந்து, இன்னொரு முறை பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். அந்த வாடையும், சிலருக்கு வரும் வாயுவும் குறையும். பிழியாமல் குழம்பில் போட்டால் மசாலா உள்ளே ஏறாது. புதிதாகச் சாப்பிடுபவர் முதல் வாரம் 15 கிராமில் ஆரம்பிக்கலாம்.

காலையில் வெறும் இட்லியாக விடாதீர்கள். இரண்டு முட்டையும் அங்கே போகட்டும். மூன்று வேளையும் 25 கிராம் ஒட்டி விழுந்து, மிச்சம் இடையில் பால், பொட்டுக்கடலையில் வந்தால் 96 கணக்கு சரியாகிவிடும்.

---

மருந்துக்கடை_மாடி

அப்பாவுக்கு எதுவும் வாங்கவேண்டாம், முதலில் சோதனை.

67 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.6 என்றால் இஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 47 ஒட்டி வரும். 60க்குக் கீழே. மூன்று மாதம் இடைவெளியில் திரும்ப எடுத்தும் அப்படியே இருந்தால்தான் நாள்பட்ட கிட்னி நோய் என்று உறுதி சொல்வார்கள். அதோடு காலைச் சிறுநீரில் அல்புமின் (கசியும் புரதம்), கிரியேட்டினின் விகிதம் எடுங்கள். சர்க்கரைக்காரருக்கு இதுதான் முக்கியம். ஆள் மெலிந்திருந்தால் கிரியேட்டினின் குறைவாகக் காட்டும். தசை குறைந்தால் அது உற்பத்தியாவதே குறைவு. உண்மை நிலை 47ஐவிட மோசமாக இருக்கலாம். மருத்துவர் சிஸ்டாட்டின் சி (தசை அளவை அவ்வளவாகச் சாராத இன்னொரு கிட்னி ரத்தச் சோதனை) எழுதினால் வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

இந்த நிலைக்கு இப்போதைய வழிகாட்டுதல் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம், 1.3ஐத் தாண்டக் கூடாது. 58 கிலோவுக்கு 46 கிராம். தசை மெலிந்த வயதானவருக்கு 1.0 முதல் 1.2 என்பது இன்னொரு வழிகாட்டுதல். இரண்டும் இங்கே முட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை அல்புமின் அளவையும் அவர் எடை இறங்கும் வேகத்தையும் பார்த்துச் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீடு அல்ல. பயத்தில் பருப்பையும் பாலையும் நீங்களாக நிறுத்திவிட்டால் அவர் இன்னும் உருகிவிடுவார். அதுவும் நடக்கிற தப்பு.

கீட்டோ அமில மாத்திரை என்று யாராவது சொல்வார்கள். அது நைட்ரஜன் நீக்கிய அமினோ அமிலம், புரதத்தைக் கிலோவுக்கு 0.3, 0.4 வரை மிகக் குறைத்த உணவோடு சேர்த்துக் கொடுப்பது. ஐந்து கிலோ எடைக்கு ஒரு மாத்திரை வீதம், நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வரை போகும். அதில் கால்சியம் இருப்பதால் ரத்தக் கால்சியம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். சாதாரணமாகச் சாப்பிட்டுக்கொண்டே மேலே நாலு மாத்திரை போட்டுக்கொள்வதில் பொருளில்லை.

பாட்டில் ஏற்றுவது: 500 மி.லி. 10% கரைசலில் 50 கிராம் அமினோ அமிலம். அவருடைய ஒரு நாள் அளவு முழுவதும் சில மணி நேரத்தில் நரம்பு வழியாக. யூரியா ஏறும். வாயால் சாப்பிட முடிகிற மனிதருக்கு அது தேவையே இல்லை.

---

கோச்_செல்வா

அப்பாவுக்கு எவ்வளவு புரதம்னு டாக்டர் சொன்னாலும், வேலை கொடுக்காத தசைக்கு அது போய்ச் சேராது. கை வைக்காம நாற்காலியிலேருந்து எழுந்து உட்காரச் சொல்லுங்க, எட்டு தடவை, ரெண்டு சுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடியலைன்னா நாற்காலில தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்க. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுக்கிறார்னா சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு செய்யட்டும், கைக்குப் பக்கத்துல குளுக்கோஸ் பாக்கெட் இருக்கணும்.

உங்க டிரெய்னர்கிட்ட சண்டை வேண்டாம். மிச்சம் இருக்கிற டப்பாவுக்கு சீல் உடைக்கலைன்னா கடையில மாத்தி வே வாங்கிக்கலாமான்னு கேட்டுப் பாருங்க.